வேகவதியில் விட்ட படம்

சிவமயம்

காஞ்சிபுரம்,
தை 26, திங்கட்கிழமை

அன்பு மகன் ஆனந்தகுமாருக்கு அம்மா ஆசியுடன் எழுதிக்கொண்டது. நானும் உன் தம்பி சம்பந்தமும் அவன் வீட்டாரும் அம்பாள் புண்ணியத்தில் சுகம், அங்கே ஆக்லாந்தில் நீயும் மருமகள் துர்காதேவியும் பிள்ளைகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பதாக உன் கையால் எழுதி நான் படிக்க வேண்டும். பேரன் இளவரசன் நீச்சலில் வெள்ளி மெடல் வாங்கினதைப் போனில் காட்டினாயே, மறுநாள் பால்காரர் வந்தபோது ஆரம்பித்துப் பூக்காரி போகிற வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். சின்னவள் அந்த ஊர்த் தமிழ்ச் சங்க மேடையில் தேவாரம் பாடினதையும் சொன்னேன், இரண்டாவது அடியில் மறந்ததை மட்டும் சொல்லவில்லை. தம்பி மகன் பரசுராமன் டிப்ளமாவில் முதல் வகுப்பு, டிரெயினிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் அக்கா தீபிகாவைக் கேட்கவே வேண்டாம், எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம், கிளாஸிலேயே முதலாவது, அதோடு பேப்பரில் அவள் போட்டோ வேறு வந்துவிட்டது, வேகவதி ஆற்றில் முழங்கால் சேற்றில் நின்று ஒரு சாக்கு மூட்டையை இழுக்கிற மாதிரி. அந்தப் பேப்பரை மடிக்காமல் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். நம் வீட்டில் சோடை போன பிள்ளை ஒன்றுகூட இல்லை குமாரு. இந்தப் பெருமையில் நான் கொஞ்சம் ஆடிவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லு ஆயா என்றாள் தீபிகா. போனில் உன் முகம் தெரியும், எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

புரட்டாசியிலிருந்து தீபிகாவும் அவளோடு இருபது பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றில் இறங்கிக் குப்பை எடுக்கிறார்கள். எஸ்தர் டீச்சர் என்று ஒரு அம்மா, அவர்தான் தலைவி, அதட்டாமல் வேலை வாங்குவார். தீபிகா அதில் ஒரு சட்டம் போட்டாள். எடுக்கிற மூட்டைக்குள் பில்லோ பத்திரிகையோ விலாசத்தோடு கிடைத்தால் அதைத் திட்டாமல் கொள்ளாமல் அந்த வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்து, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவது. அப்படி முதலில் மாட்டினவன் மூன்று வீடு தள்ளி இருக்கிற சிட்டிபாபு, அந்தத் தெலுங்குக்காரப் பிள்ளை, என்னைப் பெத்தம்மா என்று கூப்பிடுவானே அவன்தான். மகளுக்குக் காதுகுத்தின விருந்தின் எச்சில் தட்டெல்லாம் மூட்டையாய் ஆற்றில், உள்ளே அவன் பெயர் போட்ட பத்திரிகை. தீபிகாவே தூக்கிக்கொண்டு வந்து அவன் வாசலில் வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். குழாயடியில் அத்தனை பேர் இருக்கும்போது, என்னடா சிட்டிபாபு, விருந்துக்குத்தான் கூப்பிடல, எச்சத்தட்டையாவது கண்ணுல காட்டினியே என்று கேட்டுவிட்டேன். தெருவே சிரித்தது. அவன் நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

இப்போது என் கதையைக் கேள். போன ஆடிக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது பூஜை அலமாரிப் பலகை சரிந்து நம் காமாட்சி படம் விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. உடைந்த படத்தை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையில் போட மனசு வராது. உன் பாட்டி என்ன செய்வாரோ அதையே நானும் செய்தேன், மஞ்சள் துணியில் சுற்றி, பூ வைத்து, கற்பூரம் காட்டி, பாலத்துக்குப் போய் வேகவதியில் விட்டேன். விட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள், நானும் பார்க்காமல் வந்துவிட்டேன். அம்மன் ஆற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றுதான் இருந்தேன். நடுவில் ஒருநாள் தீபிகா, எங்களுக்குப் பெரிய ரோதனையே சாமி படம்தான் ஆயா, குப்பை வண்டியில ஏத்த ஒருத்தருக்கும் கை வரல, மரத்தடியில அடுக்கிக்கினே இருக்கோம் என்றாள். எந்தப் பாவிங்கடி சாமியக் கொண்டாந்து சாக்கடைத் தண்ணியில போடறது என்று நானே கேட்டேன். என் மூட்டை அப்போது என் ஞாபகத்துக்கே வரவில்லை, நம்பு. மற்றவர்கள் போட்டது குப்பை, நான் செய்தது பூஜை, அப்படித்தான் மனசுக்குள் இருந்திருக்கிறது.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை தீபிகா பத்து மணிக்கே திரும்பி வந்து குளித்துவிட்டு, சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜுரமா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. ரொம்பக் கேட்டபிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். ஆகாயத்தாமரைக்குள் சிக்கிக் கிடந்த ஒரு படத்தை எஸ்தர் டீச்சர் தூக்கும்போது பின் அட்டை ஊறிக் கழன்று உள்ளேயிருந்து ஒரு போட்டோ விழுந்திருக்கிறது. நீ வெளிநாடு போவதற்கு முன்னால் நாலு பேரும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் குமாரு. நீ ஏறின பிளேன் போய் இறங்குகிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அன்றைக்கு அம்மன் படத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தேன். ஆறு வருஷத்தில் அதை மறந்தும் போனேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. முன்பக்கம் முகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெளுத்து உரிந்து துர்காவின் புடவைக் கரை மட்டும் நிற்கிறது. பின்பக்கம் நான் பென்சிலில் எழுதினது அப்படியே இருக்கிறது. என் மகன் ஆனந்தகுமார் குடும்பம், தாயே நீதான் துணை என்று எழுதி, அம்மனுக்கு இடம் தெரிய வேண்டுமே என்று உன் ஆக்லாந்து விலாசமும், கீழே நம் கதவு எண்ணும் போட்டிருந்தேன்.

எஸ்தர் டீச்சர் நல்ல மனசோடு யாருக்கும் தெரியாமல் தீபிகா கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பெண்தான் அழுகிறாள். ரூலைப் போட்டதே நான்தான் ஆயா, சிட்டிபாபு மாமா வீட்டுக்கு ஊரு பாக்கத் தூக்கிக்கினு வந்தேன், நம்ம வீட்டுதுன்னா மட்டும் பையில மறைச்சிக்கினு வரேன், இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போவேன் என்றாள். இரண்டு நாள் அப்படியே விட்டேன், யாருக்கும் தெரியாதது தெரியாமலே போகட்டும் என்று இருந்தேன், உன்னிடம் பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் அவள் போனில் டீச்சரிடம், பரீட்சை வருது மேடம், இனிமே ஞாயித்துக்கிழமை வர முடியாது என்று சொன்னது காதில் விழுந்தது. பரீட்சை சித்திரையில்தான் என்று எனக்குத் தெரியும். பேப்பரில் போட்டோ வந்த பெண், என்னால் வீட்டுக்குள் உட்காருகிறாள். கூப்பிட்டு, அந்தப் படத்த நம்ம வாசலுக்குக் கொண்டாரச் சொல்லுடி, சிட்டிபாபுக்கு எப்படியோ அப்படியே என்றேன். வேணாம் ஆயா, தெருவே சிரிக்கும் என்றாள். சிரிக்கட்டும், நானும் சிரிச்சவதானே என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேராக வந்தார்கள், தண்ணீர் வருகிற நேரம், தெருவில் எல்லோரும் நிற்கிறார்கள். சேறு காய்ந்த காமாட்சியை வாசலில் வைத்து டீச்சர் எனக்கு வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். சிட்டிபாபு வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்று, இன்னா பெத்தம்மா, சாமி ஊருக்குப் போய்ட்டு ரிட்டன் வந்துடுச்சா என்றான். ஆமாண்டா, தண்ணியே ஓடல, எங்க போவும், உங்க வீட்டு எச்சத்தட்டு வேற வழிய மறிச்சிக்கினு இருந்துச்சாம் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்து பிரஷ்ஷே கீழே விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் நின்ற தீபிகாவும் சிரித்தாள், எனக்கு அது போதும். சாயங்காலம் அவனே பழைய முருகர் படம் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, கண்ணாடி போய் ரெண்டு வருஷமாப் பரண்ல கெடக்குது, ஆத்துல வுடலாம்னு இருந்தேன், இப்ப இன்னா பண்றது சொல்லு பெத்தம்மா என்றான்.

எனக்கென்ன தெரியும், ஆனால் கேட்டுவிட்டானே. இப்போது இரண்டு வாரமாக நானும் ஞாயிற்றுக்கிழமை தீபிகாவோடு ஷேர் ஆட்டோவில் போகிறேன். ஆற்றில் இறங்கவில்லை, பயப்படாதே, மரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாமி படத்தில் ஆணி பிடுங்கச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயம். எனக்கு இந்த வயசில் அம்மன் என்ன செய்துவிடப் போகிறாள், மன்னிச்சுக்கோ தாயே என்று சொல்லிக் குறடால் பிடுங்குகிறேன். கண்ணாடி ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம், காகிதத்தை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்துக் கரைத்து மரத்துக்கே ஊற்றிவிடுகிறோம். நம் காமாட்சியையும் அப்படித்தான் கரைத்தேன். ஒவ்வொரு பின் அட்டையையும் பார்த்துப் பிரிக்கிறேன் குமாரு. நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஒன்றில் யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை ஹால் டிக்கெட், ஒன்றில் ஸ்கேன் எடுத்த சீட்டு, ஒன்றில் ஒரு பெண்ணின் ஜாதகம். வைத்தவர்கள் எல்லாம் என்னைப் போலவே மறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். பெயர் தெரிந்ததை மட்டும் வாசலில் வைக்காமல் கையில் கொடுத்துவிட்டு வருகிறாள் தீபிகா. சட்டத்தை அந்த அளவுக்கு மாற்றியிருக்கிறாள்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆடி முடிந்ததும்தான் துர்கா படியில் சறுக்கிக் கணுக்காலில் கட்டுப் போட்டாள் என்று சொன்னாய். உங்கள் நாலு பேரையும் நானே கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் விட்டதால் வந்ததோ என்று இருக்கிறது. மழைத்தண்ணியில பெரியம்மா வழுக்கினதுக்கு நீ என்ன பண்ணுவே ஆயா என்கிறாள் தீபிகா. அவள் படித்தவள், சரியாகத்தான் சொல்வாள், இருந்தாலும் நீயும் ஒரு தரம் எழுதிவிடு. துர்காவிடம் என்மேல் கோபிக்க வேண்டாம் என்று சொல். இளவரசனைக் கடலில் தனியாக இறங்க விடாதே, மெடல் வாங்கினால் கடலுக்குத் தெரியாது. சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி. ஏகாம்பரநாதர் துணையில் நீங்கள் நாலு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

மறக்காமல் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, நாலு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி. போனில் வருவது வேண்டாம், கையில் பிடிக்க வேண்டும். கண்ணாடி போட மாட்டேன், சாமிக்குப் பின்னால் வைக்கவும் மாட்டேன், பக்கத்தில் வைத்துத் தினமும் பார்ப்பேன். பின்பக்கம் நீ ஒன்றும் எழுதாதே, வெறுமையாக விடு. பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சவேணி