பச்சைச் சுடிதாரைக் கண்டு ஓடியவர்

ஜூன் 3, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

கொல்லிமலை மேலே, செம்மேட்டில் புதிதாக வந்திருக்கும் விவசாயிகள் கம்பெனி. மலைக்காரர்கள் தங்கள் மிளகையும் சாமையையும் தாங்களே சேர்ந்து விற்பதற்காக. ஊர் ஊராகப் போய் உறுப்பினர் சேர்ப்பது என் வேலை. ஒரு மாதத்துக்குள் முப்பது பேர் சேர வேண்டும். சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

மேலாளர் பெயர் சங்கீதா. நாமக்கல்லில் இருக்கிறார். போனிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார். "பயோடேட்டால உங்க போட்டோ பாத்தேன் கோகிலா. அதே மாதிரி ஸ்மார்ட்டா வாங்க. ஃபீல்டுக்குப் போறவங்கதான் கம்பெனியோட முகம்."

அந்த போட்டோ கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதில் இருப்பவளுக்கு இடுப்பு இருக்கிறது.

மாமியார், "ஒரு மாசந்தானே, போயிட்டு வா கண்ணு" என்றார். ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் நிறையவே இருந்தது.

மகள் பிறந்ததிலிருந்து, ஆறு வருடமாக இந்தக் காளப்பநாயக்கன்பட்டியில் என் பெயர் தாரணியம்மா. இவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். போன மாதம் ரேஷன் கடையில் "கோகிலா, கோகிலா" என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். யாரோ ஒரு கோகிலா என்று நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு என் பெயர் திரும்ப வேண்டும். அதுக்குத்தான் இந்த வேலை. வேற யார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாது.

ஜூன் 5, வியாழன்

பீரோவைத் திறந்தேன். பழைய ஆபீஸ் சேலைகள் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. சேலை உத்தமி, யாரையும் கைவிடாது. ஜாக்கெட்தான் துரோகி. ஒன்பதில் ஒன்றுகூட முழங்கைக்கு மேலே ஏறவில்லை.

டெய்லர் சுகுணாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பிரிக்கறதுக்கு துணியே இல்ல அக்கா. இனி உங்களத்தான் பிரிக்கோணும்" என்றாள். கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வரும் வழியில் பஜ்ஜி வாங்கித் தின்றேன். ஆத்திரம்!

ஆறு வருடமாக நைட்டிதான் என் உடுப்பு. வாசலுக்கு யாராவது வந்தால் மேலே ஒரு துண்டு. எங்கள் ஊர்ப் பெண்களின் கோட்டும் சூட்டும் அவ்வளவுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அளவு கேட்காத ஒரே துணி அது.

ஜூன் 8, ஞாயிறு

துணி எடுக்க நாமக்கல் போனோம். துணைக்கு இவர். இவரை அழைத்துப் போவதும் தூணை அழைத்துப் போவதும் ஒன்று. எதைக் காட்டினாலும் "நல்லாருக்குது" என்றார். கடைசியில் கடைப் பொம்மைக்கும் "நல்லாருக்குது" என்றார், நான் என்று நினைத்து.

கடைக்காரப் பெண் ஒரு பச்சைச் சுடிதாரை எடுத்துப் போட்டாள். இலைப் பச்சை இல்லை, பாசிப் பச்சையும் இல்லை, காய்ந்துபோன ஆலிவ் பச்சை. தோளில் பட்டி, இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட். "இது ஆபீஸர் லுக்குங்க்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். கூடவே கருநீலக் கரை போட்ட வெளிர்நீலச் சேலை ஒன்று. அடக்கமாக இருக்கும் என்று அதையும் எடுத்தேன்.

வீட்டில் பச்சையைப் போட்டுக் காட்டினேன். தாரணி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ யாரையோ புடிக்கப் போற மாதிரி இருக்குற" என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். சின்னவன் மணி பாக்கெட்டுக்குள் பாதி பிஸ்கட்டைப் போட்டு மூடினான்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் என் கொண்டையில் ஒரு ஊசிகூட மிஞ்சவில்லை.

செம்மேடு ஆபீஸில் என்னைச் சேர்த்து இரண்டே பேர். இன்னொருவர் தனபால், கணக்கு எழுதுபவர். நான் செருப்போடு உள்ளே வந்ததற்கு ஒரு பார்வை பார்த்தார். மற்றபடி நல்ல மனிதர்.

மணி அழவில்லை என்று போனில் சொன்னார்கள். கொஞ்சமாவது அழுதிருக்கலாம்.

ஜூன் 18, புதன்

மலையில் பைல் நாடு என்று ஒரு பகுதி, அங்கே ஒரு ஊர். பச்சைச் சுடிதார், கறுப்பு ஷூ, கையில் பைல். நடையிலேயே ஒரு மிடுக்கு வந்திருந்தது. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஊர் எல்லையில் ஒருவர் தலையில் விறகுக் கட்டோடு எதிரே வந்தார். "வணக்கமுங்க" என்று கையைத் தூக்கினேன். மனிதர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். விறகைத் தொப்பென்று கீழே போட்டார். காப்பித் தோட்டத்துக்குள் பாய்ந்தார். அப்புறம் ஆளைக் காணவில்லை.

ஊருக்குள் போனால் ஒரு ஈ காக்கை இல்லை. அடுப்பில் உலை வைத்திருந்ததால் ஓட முடியாத ஒரே ஒரு பெண் மட்டும் நின்றாள். பெயர் பாவாயி. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "அது காஞ்ச வெறகுதானுங்க. கீழ வுழுந்து கெடந்ததுங்க. பச்ச மரத்த நாங்க தொடறதே இல்லீங்க."

அப்போதுதான் புரிந்தது. பச்சைச் சட்டை, தோளில் பட்டி, மூடி வைத்த பாக்கெட். நான் பாரஸ்ட் ஆபீஸராம்!

"நான் பாரஸ்ட் இல்லீங்க. கம்பெனிலிருந்து வாரேன்."

"செரிங்க" என்றாள் பாவாயி. நம்பவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்வரை விறகு அடுக்கியிருந்த மூலையை மறைத்துக்கொண்டே நின்றாள்.

திரும்பும்போது பாக்கெட்டில் கை விட்டேன். மணியின் பிஸ்கட். அதைத் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூன் 19, வியாழன்

தாரணி சொன்னது சரிதான். பிள்ளை பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

அதே ஊர். இன்றைக்கு வெளிர்நீலச் சேலை. யாரும் ஓடவில்லை. பெரியவர்கள் ஓடவில்லை என்று எழுதுவதே சரி. குழந்தைகள் "ஊசிக்காரம்மா! ஊசிக்காரம்மா!" என்று அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார்கள்.

நான் சுதாரிப்பதற்குள் நான்கு தாய்மார்கள் கைக்குழந்தையும் தடுப்பூசி அட்டையுமாக வரிசையில் நின்றார்கள். இங்கே வரும் நர்ஸம்மாவும் இதே நீலத்தில்தான் வருவாராம். முதல் குழந்தையை என் மடியில் வைத்தே விட்டார்கள்.

"நான் நர்ஸ் இல்லீங்க. கம்பெனிங்க" என்றேன்.

"கம்பெனி ஊசின்னா வலிக்காதுங்களா?" என்றாள் ஒருத்தி, மிகுந்த ஆவலோடு.

அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் குழந்தை தன் பதிலைச் சேலையில் சொல்லிவிட்டது. சூடாக இருந்தது. என்னவோ தெரியவில்லை, அந்த நேரத்தில் மணி ஞாபகம் வந்து கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நர்ஸம்மாவே அழுகிறார் என்று நான்கு பேரும் பயந்துபோனார்கள்.

சேர்ந்த உறுப்பினர்: பூஜ்யம்.

ஜூன் 24, செவ்வாய்

நீலச் சேலையை மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கட்டிக்கொண்டு வந்ததும் மணி கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இவனுக்கு யார் சொன்னது?

ஜூலை 2, புதன்

கொடுத்த ஒரு மாதத்தில் பாதி போய்விட்டது. இதுவரை ஏழு பேர். ஏழு பேரும் தனபாலின் சொந்தக்காரர்கள்.

சங்கீதா மேடம் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "ஏதாவது பிரச்சனையா கோகிலா?" என்று கேட்டார். என்ன சொல்வது? மேடம், என் துணிக்கு மரியாதை இருக்கு, எனக்குத்தான் இல்லைன்னா?

இவர் சாப்பிடும்போது, "பேசாம நைட்டிலயே போயிரு தாரணியம்மா. யாரும் பயப்பட மாட்டாங்க" என்றார். தமாஷ் பண்ணுகிறாராம். ரசத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். கை எட்டட்டும், எட்டாமப் போகட்டும்.

என்னால முடியலையா? ஆறு வருசத்துல எல்லாமே மறந்துபோச்சா? முன்னாடி சேந்தமங்கலம் ஆபீஸில் நான் வாயைத் திறந்தால் பத்துப் பேர் கேட்பார்கள். அந்தக் கோகிலா எங்க போனா? ஜாக்கெட்டுக்குள்ள நுழையாததால வெளியவே நின்னுட்டாளா?

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

காலையில் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மஞ்சள் காட்டன் சேலை. சுகுணா புதிதாகத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட், கொஞ்சம் இறுக்கம், உள்ளே ஊக்கு. யாருடைய சீருடையும் மஞ்சள் இல்லை என்று தனபாலிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்திருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வாசலூர்பட்டிக்குப் படகு சவாரிக்குப் போகும் ஒரு புதுமாப்பிள்ளை. கூலிங்கிளாஸ். "எனக்கெல்லாம் மலை பஸ் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பத்து மூன்றாவது வளைவில் என் மடியில் வாந்தி எடுத்தார். கஞ்சி போட்ட சேலை ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை, அப்படியே ஏந்திக்கொண்டது.

அந்தக் கோலத்தில் எங்கே போவது? எனக்குத் தெரிந்த ஒரே தண்ணீர்த் தொட்டி பாவாயி வீட்டுடையது. போய் நின்றேன். பாவாயி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சாயம்போன சிவப்புச் சேலையையும் தன் ஜாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஜாக்கெட் எனக்கே தைத்த மாதிரி இருந்தது. ஊக்கு இல்லாமல் மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று!

என் சேலை கொடியில் காய வேண்டும். அதுவரை என்ன செய்வது? பாவாயி வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார்கள். "சும்மா குந்தியிருக்கறதுக்கு இதுல கொட்டைய எடு" என்று பாவாயி என் முன்னால் பாதிப் பழத்தைத் தள்ளினாள். நேற்றுவரை "ஏனுங்க". இன்றைக்கு "எடு". எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சுளை எடுக்க எடுக்கப் பேச்சும் வந்தது. அத்தாயி என்ற பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மிணி, நீ கீழ்நாட்டுக்காரிதானே, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். கம்பெனிக் காயிதத்துல கைநாட்டு வெச்சா காடு தோட்டத்தையெல்லாம் எழுதி வாங்கிக்குவாங்களாமே, நெசமா?"

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ஆனா வாரத்துக்கு ஒருத்தி வாரா பாரு. மொதல்ல ஒரு பச்சைக்காரி வந்தா. அப்புறம் ஒரு நீலக்காரி. இத்தன பேர அனுப்புறாங்கன்னா சும்மாவா?"

பாவாயி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தாள். நான் சுளையைக் கீழே வைத்தேன். "அந்தப் பச்சைக்காரியும் நாந்தானுங்க. நீலக்காரியும் நாந்தான்."

அத்தாயி என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் முற்றமே சிரித்தது. எனக்கும் வயிறு வலித்தது.

பிறகு உறுப்பினர் சேர்க்கைப் பாரத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நிலத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை என்று காட்டினேன். அவர்கள் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இத்தனை கேள்வியை மனதில் வைத்துக்கொண்டா இத்தனை நாளும் "செரிங்க" என்றார்கள்! அதிகாரியிடம் கேள்வி கேட்டால் அது வம்பாகிவிடும் என்று பயமாம். மத்தியானத்துக்குள் பக்கத்து வீடுகளும் வந்து, இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பைலில் இருந்த பழைய ஏழோடு இருபத்தொன்பது. அன்றைக்கு ஓடிய விறகுக்காரர் சுப்பண்ணன் மட்டும் பலா மரத்துக்குப் பின்னாலேயே நின்றார்.

அந்த நேரத்தில் ஒரு கார் வந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினார், கிரீம் கலர் கோட்டு, வெளுத்த முகம். எழுபது வளைவும் அவருக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சங்கீதா மேடம்! சொல்லாமல் சோதனைக்கு வந்திருக்கிறார்.

பாய் மேலே இருந்த பாரங்களை எண்ணினார். "இருபத்தொம்போது! இன்னும் ஒண்ணு இருந்தா முப்பது" என்று சுற்றிலும் பார்த்தவர், நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். "அம்மா, நீங்களும் சேந்துக்கங்க. பயப்படாதீங்க" என்று என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். கையெல்லாம் பலாப்பால், மை ஒட்டவில்லை. அவர் விடுவதாக இல்லை, தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார்.

"மேடம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமுங்க."

"வெரி குட்! எங்க, போடுங்க பாக்கலாம்."

"அந்த இருபத்தொம்பதுலயும் இருக்குதுங்க மேடம். சாட்சி போடற எடத்துல."

மேடம் மேலே இருந்த பாரத்தை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பழைய போட்டோவை மனதில் தேடியிருப்பார். "கோகிலா?" என்றார் மெதுவாக.

மரத்துக்குப் பின்னாலிருந்து சுப்பண்ணன் வெளியே வந்தார். "பெரிய ஆபீசருக்கே ஆள் தெரியல. நான் ஓடுனதுதான் தப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து, கட்டைவிரலை நீட்டினார்.

முப்பது.

ஜூலை 15, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. நிரந்தரம். மாமியார் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப மணியப் பாத்துக்கறது எனக்கும் நெரந்தரமா?" என்றார். ஆனாலும் பாயசம் வைத்தார்.

பாவாயியின் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டை மட்டும் சுகுணாவிடம் அளவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

மூன்று நாளாக மழை. ஒரு துணி காயவில்லை. பீரோவில் காய்ந்து கிடந்தது அந்தப் பச்சைச் சுடிதார் மட்டும்தான். வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு போனேன்.

ஊர் எல்லையில் சுப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். கீழே விறகுக் கட்டு. தூக்கிவிட ஆளில்லாமல் நின்றிருக்கிறார். பச்சையைக் கண்டதும் தோட்டத்துப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். நானும் அப்படியே நின்றுவிட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கோகிலாம்மிணியா! நல்லவேள வந்தே. இத ஒரு கை புடி" என்றார்.

பைலை வேலி மேல் வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தலைக்குத் தூக்கிவிட்டேன். ஈர விறகு, நல்ல கனம். தோளில் இருந்த பட்டி டர்ரென்று கிழிந்து தொங்கியது.

சுகுணாவிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தைத்துவிடுவாள். தைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.