லெந்து முடிந்த மறுநாள்

சாத்தூர்,
13-5-1962, ஞாயிறு.

என் அருமை மகள் ஞானஜோதிக்கு அப்பா வேதமாணிக்கம் எழுதிக்கொள்வது. அந்த நாக்பூர் வெயிலிலும் ஓயாத ஆஸ்பத்திரி வேலையிலும் கர்த்தர் உன்னைச் சேதமில்லாமல் காத்து வருகிறார் என்று உன் கடிதத்தில் அறிந்து ஸ்தோத்திரம் சொன்னோம். இந்த இடத்தில் வழக்கமாக நாங்கள் சுகம் என்று ஒரு வரி எழுதுவேன். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த கை, பேனாவைத் தொட்டதும் அந்த வரி தானாக வந்துவிடும். இன்றைக்கு அதை எழுதக் கூசுகிறது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போன கார்டின் தலைப்பில் சாத்தூர் என்று எழுதியிருக்கிறீர்கள், தபால் முத்திரையில் மதுரை என்று இருக்கிறது, உண்மையை எழுதாவிட்டால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிடுவேன் என்று நீ எழுதியிருந்ததை அம்மாதான் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்து மடித்து என் முன்னால் வைத்தாள். காப்பியடித்து மாட்டிய பிள்ளைகள் எத்தனையோ பேரை நான் வகுப்பில் நிறுத்திவைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்த முழி வந்துவிட்டது. ஆமாம் மகளே, அந்தக் கார்டை மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் எழுதினேன், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். ஈஸ்டர் ஆனந்தமாகக் கழிந்தது, உடம்பு நன்றாயிருக்கிறது என்று எழுதியதில் முதல் பாதி மட்டும் மெய்.

நடந்ததை முறையாகவே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நெஞ்சடைத்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தது உனக்குத் தெரியும். உப்பைக் குறைக்க வேண்டும், கறி, நெய், முட்டை, கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் ஆகாது, எண்ணெய் பேருக்குத்தான், மூக்குப்பொடியை மறந்துவிட வேண்டும், எழுந்த பிறகு தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று மதுரையில் சண்முகவேல் டாக்டர் சொன்னார், நீயும் பக்கம் பக்கமாக எழுதினாய். நான் படுக்கையை விட்டு எழுந்த வாரமே லெந்து தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. அங்கேதான் எனக்குப் புத்தி கோணிக்கொண்டது. ஈஸ்டர் வரைக்குமான நாற்பது லெந்து நாட்களில் கறி மீன் தொடாமல் இருப்பது நம் வீட்டில் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்தானே, டாக்டர் சொன்னதையும் இதோடு சேர்த்து கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட ஒரே பொருத்தனையாகச் செய்துவிடுவோம் என்று முழங்காலில் நின்றேன். அதன்பின் கேட்க வேண்டுமா! சிவகாசிக் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். உப்பில்லாத கேப்பைக் கூழும் அவித்த புடலங்காயும் தின்றேன். யாராவது வீட்டில் காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்து வெளியே போனேன். உடம்பில் ஐந்து ராத்தல் குறைந்தது. பாதிரியார் என் மன உறுதியை மெச்சியபோது, அதெல்லாம் தேவகிருபை என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். லெந்து என்றால் அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பது மட்டும் என் மனதின் அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து வந்து காலையில் இரண்டு முட்டை, நெய்விட்ட தோசை. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பும் வறுவலும். பொருத்தனையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கறியும் கொழுப்புமாக நானே கேட்டு வாங்கித் தின்றேன், மூன்றாம் முறையும் கேட்டேன். இதில் அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, அவளுக்கு நீ ஏதும் கோபமாக எழுதாதே. சாப்பிட்டுவிட்டு ஒரு சிட்டிகை பொடியும் போட்டேன். மறுநாள் திங்கட்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இடது தோளில் பிடித்தது. வாயுவாக இருக்கும் என்று ஒரு சோடா குடித்தேன். நெஞ்சடைப்பில் ஒருமுறை ஆறு வாரம் படுத்து எழுந்தவன், நர்ஸ் ஒருத்தியைப் பெற்றவன், சோடா குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எதிர்வீட்டுத் தங்கச்சாமி தீப்பெட்டி லோடு லாரியில் மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அம்மா தெருவில் ஓடி அவனை மறித்தாள். என்னை முன்சீட்டில் உட்காரவைத்து அம்மா ஒருபக்கம் பிடித்துக்கொள்ள, அவன் ஓட்டிக்கொண்டே, ஐயா கண்ண மூடாதீக, எதையாச்சும் பேசிக்கிட்டே வாங்க, எனக்குப் பிரம்படி குடுத்துச் சொல்லித்தந்தீகளே ஏழாம் வாய்ப்பாடு, அதையாச்சும் சொல்லுங்க என்று அதட்டினான். சொன்னேன். ஏழெட்டு எவ்வளவு என்பது வரவில்லை. ஐம்பத்தாறுய்யா என்று அவன் அழுகிற குரலில் சொன்னான். சாவு பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வயது ஐம்பது. என் அப்பா நாற்பத்தேழில் போனார், அதையும் வாயு என்றுதான் சொன்னார்கள். அந்த லாரியில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான், உன் கல்யாணத்தைப் பார்க்காமல் போகிறேனே என்று.

சண்முகவேல் டாக்டர் ஊசி போட்டு, மெஷினில் படம் எடுத்துப் பார்த்து, இது முழு அடைப்பு இல்லை, ஆனால் அதன் வாசல் வரை போய்விட்டு வந்திருக்கிறீர் என்றார். என்ன தின்றீர் என்று கேட்டார். சொன்னேன். லெந்தைப் பற்றியும் சொன்னேன். அவர் இந்துதானே, அதென்ன என்று விவரமாகக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாத்தியாரே, உங்க விரதத்துக்கு நாள் கணக்கு இருக்கு, நான் சொன்னதுக்குக் கிடையாது, இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது என்றார். பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்.

கட்டிலில் படுத்து இதையே யோசித்தேன். நாள் குறித்துப் பட்டினி கிடக்க எனக்குத் தெரிகிறது. நாள் குறிக்காமல் சாதாரணமாக அளவோடு சாப்பிடத் தெரியவில்லை. முன்னதில் ஒரு பெருமை இருக்கிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். பின்னதில் யாரும் மெச்சப் போவதில்லை, செவ்வாய்க்கிழமை ஒரு கீரை, புதன்கிழமை ஒரு கீரை, அவ்வளவுதான். அதனால் இப்போது அவித்த புடலங்காய்த் தண்டனையெல்லாம் இல்லை. ஆயுசுக்கும் தின்ன முடிந்ததைத்தான் தின்பது என்று தீர்மானித்திருக்கிறோம். கம்பஞ்சோறு, மோர், பாசிப்பயறு, கீரை, உப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம். ஒரு நாளுக்கான உப்பை அம்மா காலையிலேயே காலித் தீப்பெட்டியில் கால்பாகத்துக்கு அளந்து எடுத்துவைத்துவிடுகிறாள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பொடி டப்பியைத் தங்கச்சாமியிடம் கொடுத்து வைப்பாற்று மணலில் எறியச் சொல்லிவிட்டேன். இப்போது வாசல்வரைதான் நடை, அடுத்த மாதம் ஸ்டேஷன் வரை போய்வரலாம் என்று உத்தரவு. சாயங்கால டியூஷனை இந்த வருஷம் விட்டுவிட்டேன். பிள்ளைகளை அடிப்பதையும் கத்துவதையும் விடச் சொல்கிறார் டாக்டர், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது.

ஆகையால் நீ ராஜினாமா எழுத வேண்டாம். நீ இங்கே வந்து உட்கார்ந்தால் நான் உனக்குப் பயந்து சாப்பிடுவேன், அதுவும் இன்னொரு லெந்துதான். டிசம்பர் லீவுக்கு வா, போதும். இனி என் உடம்பைப் பற்றி உன்னிடம் ஒரு பொய்யும் எழுத மாட்டேன், இது பொருத்தனை அல்ல, வெறும் வாக்கு. நீயும் டியூட்டி முடிந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே, தட்டில் சோறு போட்டு உட்கார்ந்து சாப்பிடு. நம் குடும்பத்து நெஞ்சு இப்படிப்பட்டது என்பது உனக்கும் சேர்த்துத்தான். வருஷத்துக்கு ஒருமுறை உன் ரத்த அழுத்தத்தையும் யாரையாவது பார்க்கச் சொல், மறக்காதே. அம்மா ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் கவரை ஒட்டித் தபாலில் சேர்ப்பாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, உன் கைபடுகிற நோயாளிகளுக்கெல்லாம் சுகம் தருவாராக.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
த. வேதமாணிக்கம்.

மகளே, கவரை ஒட்டுமுன் படித்துப் பார்த்தேன். அப்பா மற்றதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஈஸ்டர் அன்றைக்குக் கறியை அவர் கேட்கவில்லை. முதல் கரண்டிக்கே போதும் என்று இலைக்கு மேல் கையை வைத்து மறித்தார். அத்தனை நாளும் அந்த மனுஷன் உப்பில்லாத கூழை விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்து கிடந்தது. இன்னைக்கு ஒரு நாளாவது வாய்க்கு ருசியாச் சாப்பிடுங்க, கையை எடுங்க என்று சொல்லி மூன்று முறையும் அள்ளி வைத்தவள் நான்தான். இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை, உன்னிடமும் மறைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்தேன். ஏன் வைத்தாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா தேவமணி.