முதல் தாள் இல்லாத புத்தகங்கள்

உன் அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய். உயிரோடு இருந்தவரை உன்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டேன். நீ திருவள்ளூரில் கல்லூரி வாத்தியார், நான் கும்மிடிப்பூண்டி காகித ஆலையில் கேட் கிளார்க். இந்த மடலில் அந்த மரியாதை கிடையாது.

ஆலைக்கு வரும் கழிவுத்தாள் கட்டுகளில் புத்தகங்களும் கிடக்கும். கூழாகப் போகும் முன் மேலாளரிடம் கேட்டு எடுத்துக்கொள்வேன். அச்செழுத்து வார்த்த கதை, காகிதம் பிறந்த கதை, பைண்டிங், பழைய பதிப்பகங்களின் விலைப்பட்டியல் என்று புத்தகத்தைப் பற்றிய புத்தகம் எதையும் விடமாட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலமே அவற்றில்தான் கற்றேன். என் வீடு மழைக்கு ஒழுகும். “இங்க வெய்யா. ரெண்டு பேர் லைப்ரரியா இருக்கட்டும்” என்றாய். ஞாயிறுதோறும் பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்து சேர்வேன். ஒவ்வொன்றின் முதல் தாளிலும் என் பெயரை எழுதித்தான் கொடுத்தேன்.

“இன்னாய்யா, கேட் பாஸா எழுதுற? இந்த அழுத்து அழுத்துறியே, தாள் கிழிஞ்சிடப் போவுது” என்று சிரிப்பாய். ஆலைக்குள் வரும் லாரிக்கெல்லாம் கார்பன் வைத்து மூன்று படி எழுதிப் பழகிய கை. அப்படித்தான் எழுதும்.

பிறகு நூலகத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். நீ நிமிராமலே சொன்னாய்: “நமக்குப் பழைய பேப்பர் கொண்டாந்து போடுவாரு.” அன்று படியிறங்கியவன், உன் சாவுக்கும் வரவில்லை.

இப்போது உன் மகள் கூப்பிட்டு வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு பொது நூலகத்துக்குக் கொடுக்கிறாள். விவரப் பட்டியல் எழுத வேறு ஆள் இல்லை. முதல் புத்தகத்தை விரித்தேன். முதல் தாள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நான் கொண்டுவந்தவை அத்தனையிலும் தைத்த இடத்தை ஒட்டி, பிளேடால், ஒரே கோடாக.

பென்சிலைச் சாய்த்து அடுத்த தாளில் லேசாகத் தேய்த்தேன். கருப்புக்கு நடுவே வெள்ளையாக என் பெயர் எழுந்து வந்தது. என் அழுத்தத்தைப் பார்த்துச் சிரித்தவனுக்கு இது தோன்றவில்லையே!

‘முதல் தாள் வெட்டப்பட்டது. கொடுத்தவர் பெயர் அடுத்த தாளில் பதிந்துள்ளது. வெட்டியவர்’ என்று எழுதி உன் பெயரையும் எழுதினேன். உன் மகள் பார்த்துவிட்டாள்.

“அங்கிள், அப்பாதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“இந்த அலமாரிச் சாவிய யார்கிட்டயாவது குடுத்திருக்காராம்மா?”

அவள் நான் எழுதிய வரியில் விரலை வைத்தாள். “முதல் தாள் இல்லைன்னு மட்டும் போட்டுக்கலாமே” என்றாள்.

“பூச்சி தின்னுச்சின்னு நெனச்சிக்குவாங்க. பூச்சி ஸ்கேல் வெச்சா வெட்டும்? உங்கப்பாதாம்மா சொல்வாரு, புக்ல இன்னா கொற கீதோ அத்த மறைக்காம எழுதுய்யான்னு.”

பென்சிலை வாங்கி இன்னொரு புத்தகத்தில் அவளே தேய்த்துப் பார்த்தாள். அதிலும் என் பெயர் எழுந்தது. “இந்த லிஸ்ட்ல எனக்கும் ஒரு காப்பி குடுங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெட்டிய தாள்களைப் பழைய பேப்பரோடுதான் போட்டிருப்பாய். அவை எங்கள் ஆலைக்கே வந்திருக்கலாம். என் பெயர் கூழாகப் போவதற்கு நானே கேட் பாஸ் எழுதியிருக்கலாம். மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே.

பட்டியலைக் கார்பன் வைத்து மூன்று படி எழுதினேன். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று உன் மகளுக்கு, ஒன்று எனக்கு. நீ சிரித்த அந்த அழுத்தம் கையைவிட்டுப் போகவில்லை. கடைசிப் படிக்கும் அடியில் கிடந்த வெற்றுத் தாளைத் தடவிப் பார்த்தேன். வெட்டியவர் என்ற இடத்துக்கு அடுத்து, உன் பெயர் விரலில் நன்றாகவே தட்டுப்பட்டது.