ஒன்பது கிலோ கல்

செவ்வாய் நாள் 203, காலை 07:20

காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி சரி. பணியாளர் எண்ணிக்கை: ஒன்று. அந்த ஒன்று நான்தான். செண்பகவடிவு, பாறையியலாளர், ஊர் சங்கரன்கோவில். கூட வந்த இருவரும் முதல் ஏறுகலத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். துளையிடும் வேலை மிச்சம் இருந்ததால் நான் தங்கினேன். இரண்டாம் ஏறுகலம் எனக்காக வெளியே நிற்கிறது. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கலத்தில் அதன் ஓட்டுநர் சேவியர் அவர்களோடு காத்திருக்கிறான்.

புயல் வரப்போகிறது என்றார்கள். ஏறுகலத்தைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு கால்பூட்டுகளையும் இறுக்கினேன். ஆள் உயர ஸ்பேனர். இந்த ஊரில் எடைக்கு மதிப்பு இல்லை, பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அதனால் கையால் சாய்ந்து அழுத்தினால் போதாது. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதிக்க வேண்டும். குதித்தேன். பூட்டு முனகிக்கொண்டு இறுகியது. பூமிக் கணக்கில் எழுபத்தொரு கிலோ உடம்புக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதை கிடைத்தது. கிளம்பும் நாள் வரை இனி அவற்றைத் தொட வேண்டியதில்லை.

செவ்வாய் நாள் 203, மாலை 17:45

பூமியில் உள்ள தரை நிலையத்திலிருந்து செய்தி. பேசியவர் உணவுத்துறை டாக்டர் ராஜசுலோசனா. உணவு டாக்டர் ஏன் பேசுகிறார் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"செண்பகா, பதட்டப்படாதீங்க. ஏறுகலத்துல எரிபொருள் கசிஞ்சிருக்கு. கழட்டக்கூடியதை எல்லாம் கழட்டிடறதா வச்சுக் கணக்குப் போட்டாச்சு. இப்போ நீங்களும் கல்லுப் பெட்டியும் சேர்ந்து எழுபத்தொண்ணு தாண்டக்கூடாது. கல்லு ஒம்போது கிலோ. அதுல கை வைக்கக்கூடாதுன்னு மேலிடத்துல கண்டிப்பா சொல்லிட்டாங்க. நீங்க அறுபத்திரண்டுக்கு வரணும். மூணு மாசம் இருக்கு, தாராளமா முடியும்!"

அந்த 'முடியும்' வந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டேன்.

இதைக் கண்டெடுப்பவர் தெளிவாகத் தெரிந்துகொள்ளட்டும். ஏறுகலம் கிளம்பத் தரையின் அனுமதி வேண்டும். நான் துளைத்தெடுத்த கல் மாதிரிகள் இருக்கும் பெட்டிக்குக் கீழே ஓர் எடை உணரி இருக்கிறது. அதில் ஒன்பது கிலோ தெரியாவிட்டால் அனுமதி வராது. மொத்தம் எழுபத்தொன்றைத் தாண்டினாலும் வராது. அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம் ஆகும். இங்கே இருக்கும் சாப்பாடு ஏழு மாதத்துக்குத்தான். கல்லை விட்டால் நான் இப்போதே சரியான எடை. ஆனால் கல் குறையாதாம், நான் குறைய வேண்டுமாம்.

செவ்வாய் நாள் 209, மதியம் 13:10

என் மணிக்கட்டில் கலோரிக் கணக்கு எழுதும் கருவியைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு கலோரி. வாயைத் திறந்தாலே "பதிவு செய்யவும்" என்கிறது.

சாப்பாடு என்று இங்கே சொல்லப்படுவது பாசிக்கூழ். பச்சை நிறம், குளம் வற்றும்போது அடிக்கும் வாடை. நாக்கில் வைத்தால் அதுவாகவே தொண்டைக்கு வழுக்கிப் போகிறது, சளியை விழுங்குவது போல. பசியைச் சமாளிக்க டாக்டர் யோசனை சொல்லியிருக்கிறார். சாப்பிடும் முன் வெந்நீர் குடிக்க வேண்டும். சின்ன ஸ்பூனால் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பிட்டதும் பல் தேய்த்துவிட வேண்டும், அப்போது மறுபடி வாய் கேட்காதாம்.

சளியை எப்படி மெல்வது டாக்டரம்மா? பல் தேய்த்தால் பற்பசையையே தின்றுவிடலாம் போல இருக்கிறது.

செவ்வாய் நாள் 226, காலை 06:50

எடை 66.4. மளமளவென்று இறங்குகிறது. தரையில் கைதட்டினார்களாம்.

பசி என்பது வயிற்றில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை, காதில் இருக்கிறது. காற்று வடிகட்டி ஓடும் சத்தத்தில் பரோட்டா கொத்தும் சத்தம் கேட்கிறது. பாறைத் துண்டைக் கையில் எடுத்தால் அதன் அடுக்குகள் பிய்த்துப் போட்ட பரோட்டா அடுக்காகத் தெரிகின்றன. சால்னா மட்டும்தான் குறை. படித்த படிப்பெல்லாம் இதற்குத்தான் உதவுகிறது.

தனிப்பெட்டியைக் கிளறினேன். அக்கா பேச்சியம்மாள் கட்டிக்கொடுத்த உப்பு நார்த்தங்காய் ஒரு பொட்டலம் அப்படியே இருந்தது. கறுத்துச் சுருண்டு, மேலே உப்புப் பூத்து. ஒரு துண்டை வாயில் அதக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "மிகக் குறைந்த கலோரி. பதிவு தேவையில்லை" என்றது. எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். தொட்டுக்கொள்வது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யாராவது ஊறுகாய் என்று சொல்வார்களா?

இனி பசி எடுத்தால் ஒரு துண்டு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர். அப்பாடா.

செவ்வாய் நாள் 241, காலை 06:55

65.2. நேற்றும் 65.2. போன வாரமும் அதேதான். கூழ் அதே அளவு, உடற்பயிற்சி அதே அளவு. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். துணியைக் கழற்றிவிட்டு ஏறினேன். மூச்சை வெளியே விட்டும் ஏறினேன். கணக்குப்பிள்ளை சொன்னது: "மாற்றம் இல்லை. மனம் தளர வேண்டாம்."

அதன் குரலில் இருக்கும் கரிசனம் அருவருப்பாக இருக்கிறது.

செவ்வாய் நாள் 250, மாலை 18:05

65.3. கூடியிருக்கிறது!

டாக்டர் ராஜசுலோசனா அனுப்பியது: "எடை ஒரு இடத்துல நிக்கிறது சகஜம்தான், செண்பகா. ஆனா இவ்ளோ நாள் நிக்காதே. யாரையும் குத்தம் சொல்லல. நிறையப் பேர் தெரியாமலே ஏதாவது எடுத்து வாயில போட்டுக்குவாங்க, எழுத மறந்துடுவாங்க. கொஞ்சம் நேர்மையா யோசிச்சுப் பாருங்க. இனிமே தொள்ளாயிரம் கலோரி."

என்னைத் திருடி என்கிறார். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, மதியம் சோறு தின்றுவிட்டு, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு சொல்கிறார். இங்கே திருட என்ன இருக்கிறது? பக்கத்து வீடு இருக்கிறதா, கல்யாண வீடு இருக்கிறதா? நார்த்தங்காய்த் துண்டு இரண்டை ஒன்றாக அதக்கிக்கொண்டு அழுதேன்.

செவ்வாய் நாள் 258, மதியம் 12:40

65.2.

சீப்பில் முடி கொத்தாக வருகிறது. வாய் நாறுகிறது, எனக்கே தெரிகிறது. மாடிப்படி போல நான்கு படி ஏறினால் முழங்கால் நடுங்குகிறது. கண்ணாடியில் முகம் மட்டும் உப்பிப்போய், நன்றாகத் தின்று கொழுத்தவள் முகமாக இருக்கிறது. இந்த முகத்தைப் பார்த்தால் டாக்டர் சொன்னதை நானே நம்புவேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

கல்லுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடிய குழாய்களுக்குள் சுகமாகப் படுத்திருக்கின்றன. ஒரு கிராம் கூட இளைக்கவில்லை.

சேவியர் தலைக்கு மேல் கடந்தபோது பேசினான். தூத்துக்குடிக்காரன், நல்ல பையன்.

"யக்கா, என்ன மூணு நாளா சத்தத்தையே காணோம்? சாப்ட்டியளா இல்லியா? டாக்டரம்மா சொல்லுதத மனசுல போட்டுக்கிடாதிய. நீங்க வந்து சேருங்க, நான் இங்க பாதுகாத்து வச்சிருக்க கருவாட்டுப் பொட்டலத்த உடைப்போம்."

கருவாடு என்ற சொல்லைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறி மைக்கில் சிந்தியது. துடைத்தேன்.

செவ்வாய் நாள் 280, காலை 07:30

காலுறையைக் கழற்றினேன். அதன் விளிம்பு கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது, பிசைந்த மாவில் விழுந்த குழி போல.

நீர். கொழுப்பு இல்லை, வெறும் தண்ணீர்.

பொட்டலத்தைப் பார்த்தேன். அடியில் நான்கே துண்டுகள். ஒரு மாதத்துக்கும் மேலாக நாள் முழுக்க உப்பைச் சப்பிச் சப்பித் தண்ணீர் குடித்திருக்கிறேன். உப்பு தண்ணீரைப் பிடித்து உடம்பிலேயே நிறுத்திக்கொண்டது. உள்ளே நான் கரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். வெளியே தராசுக்கு மட்டும் தெரியவில்லை. கல்லில் உப்பு எவ்வளவு என்று பத்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவள் நான். வாயில் இருக்கும் உப்பு தெரியவில்லை. தொட்டுக்கொள்வது கணக்கில் வராதாம். தூ!

பொட்டலத்தை முடிச்சுப் போட்டு மேல் அலமாரியில் வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

செவ்வாய் நாள் 287, காலை 07:00

62.4. ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட மூன்று கிலோ தண்ணீராகவே போனது. ஓயாமல் கழிப்பறைக்கு நடந்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

டாக்டர்: "சூப்பர் செண்பகா! பாத்தீங்களா? ஒழுங்கா எழுத ஆரம்பிச்சதும் எப்படி எறங்குது! எதுக்கும் கிளம்பற வரைக்கும் தொள்ளாயிரத்துலயே இருப்போம், சரியா?"

நார்த்தங்காயைப் பற்றி எழுதி அனுப்பினேன். தொள்ளாயிரம் கலோரிக்கு இறக்கியதே வீண், கொழுப்பு தீர்ந்து தசைதான் கரைந்திருக்கிறது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"இப்போ ரிஸ்க் வேண்டாம்" என்று பதில் வந்தது. யாருக்கு ரிஸ்க் என்று எழுதவில்லை.

செவ்வாய் நாள் 294, காலை 09:15

கிளம்பும் நாள். எடை 62.0. கணக்குப்பிள்ளை நாதஸ்வரம் வாசித்தது, நிஜமாகவே. எந்தப் புண்ணியவான் அதில் இதைப் பதிந்து வைத்தானோ. பெட்டி 9.0. மொத்தம் 71.0. கசிந்தது போக மிச்சமிருக்கும் எரிபொருள் தயார். பிற்பகல் 14:00 மணிக்குள் கிளம்ப வேண்டும். தாண்டினால் சேவியர் பூமித் திசையில் கிளம்பி எட்டாத தூரத்துக்குப் போய்விடுவான்.

வெளியே போய்க் கால்பூட்டுகளைத் திறக்க வேண்டும்.

செவ்வாய் நாள் 294, காலை 11:05

திறக்கவில்லை.

ஸ்பேனரில் ஏறி நின்றேன். குதித்தேன். குதிக்கக் காலில் வலு இல்லை, தொங்கினேன் என்பதே சரி. அசையவே இல்லை. எழுபத்தொரு கிலோக்காரி தன் முழு எடையோடு, கால் வலுவோடு இறுக்கிய பூட்டு. அறுபத்திரண்டு கிலோவுக்கு அது பணியவில்லை. இறுக்கியவளும் நான், திறக்க முடியாதவளும் நான்.

தரைக்குச் செய்தி போய், அவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்துப் பதில் வர நேரமில்லை. சேவியரிடம் சொன்னேன்.

"யக்கா, ஒங்களுக்கு என்ன கொறையுது, ஒம்போது கிலோதான? அத சுமந்துக்கிட்டு ஏறுங்க. ஒங்க ஒம்போது கிலோ பெட்டிக்குள்ளதான இருக்கு!"

செவ்வாய் நாள் 294, மதியம் 12:50

கல்லுப் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு ஸ்பேனரில் ஏறினேன். முதல் பூட்டு கத்திக்கொண்டு திரும்பியது. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். தலைக்கவசத்துக்குள் கொஞ்சம் பச்சைக் கூழ் எதுக்களித்து வந்து கன்னத்தில் ஒழுகியது. துடைக்க வழியில்லை. நான்காவதில் பூட்டு திடீரென்று விட்டுக்கொடுத்தது. நான் விழுந்தேன். பெட்டியின் கட்டு அறுந்து, அது கால்பூட்டின் இரும்பு மேடையில் மோதித் திறந்தது.

குழாய்கள் உடைந்தன. கற்கள் உருண்டு கீழே கிடந்த கற்களோடு சேர்ந்துகொண்டன. எது மூன்று மாதம் என்னைத் தின்ற கல், எது சும்மா கிடந்த கல் என்று எனக்கே தெரியவில்லை. பாறையியலாளராகிய நான் இதை எழுதுகிறேன்.

சிரித்தேன். கூழ் வாடையோடு நெடுநேரம் சிரித்தேன்.

செவ்வாய் நாள் 294, பிற்பகல் 13:25

பெட்டி காலி. உணரிக்கு ஒன்பது கிலோ வேண்டும். கீழே கிடக்கும் எந்தக் கல்லையும் அள்ளிப் போட்டிருக்கலாம், அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். குமட்டியது. எறிந்துவிட்டேன்.

உள்ளே போய், எனக்குத் தராமல் மிச்சம் பிடித்த கூழ் டப்பாக்களைக் கொண்டுவந்து அடுக்கினேன். மேலே அந்த நார்த்தங்காய் நான்கு துண்டு. உணரி 9.0 காட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. தரை முன்கூட்டியே ஏறுகலத்தில் ஏற்றி வைத்திருந்த அனுமதி தானாகவே வந்தது: "வாழ்த்துகள். மாதிரிகள் பத்திரமாக ஏற்றப்பட்டன."

சேவியர்: "கல்லப் பத்திக் கேட்டா நான் ஒண்ணும் பாக்கலன்னுருதேன். கதவ அடைங்க யக்கா."

செவ்வாய் நாள் 294, பிற்பகல் 13:51

இருக்கையில் கட்டியாயிற்று. பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்று தோன்றியது. கூழ் பெட்டியில் இருந்தாலும் என் வயிற்றில் இருந்தாலும் மொத்தம் எழுபத்தொன்றுதான்.

முதல் டப்பாவைத் திறந்தேன். அதே குளத்து வாடை. சின்ன ஸ்பூன் இல்லை, மெல்லவும் இல்லை, கையால் வழித்து விழுங்கினேன். நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டேன். இரண்டாவது டப்பாவில் வாந்தி வந்தது. பையில் பிடித்து மூடி மடியில் வைத்துக்கொண்டேன். எடை குறையக் கூடாதே. மூன்றாவதைத் திறந்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை: "இன்றைய அளவு தாண்டப்பட்டது. நேர்மையாகப் பதிவு செய்யவும்."

செய்கிறேன். அடியில் இயந்திரம் பற்றிக்கொண்டது, பல் எல்லாம் ஆடுகிறது. எழுதிக்கொள். கூழ், மூன்று டப்பா. நார்த்தங்காய், நான்கு துண்டு, இனி இதுவும் கணக்கில் வரும். கல், ஒன்று கூட இல்—