கழுதையார் எழுந்து நின்றார்

அன்பு மாப்ளே காசிமுக்கு,

நீ போன பிறகு எனக்கு நேர்ந்த அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மகள் செல்வியோடு தருமபுரி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ "கழுதையாரே" என்று கூப்பிட்டார்கள். "என்னாங்க?" என்று நான் திரும்பிவிட்டேன். நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கூப்பிட்ட ஆள் பக்கத்தில் இருந்தவனிடம், "நாஞ் சொல்லல? இவருதான்" என்றான். செல்வி மெல்ல நகர்ந்து ஒரு கூடைக்காரம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பஸ் ஏறின பிறகுதான் கேட்டாள், "நீங்க ஏம்ப்பா திரும்புனீங்க?" என்று. என்னத்தைச் சொல்ல? பழகிப்போய்விட்டது.

எல்லாம் உன்னால் வந்தது. மாட்டுச் சந்தையில் மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்கிறவன் அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நீ நாவல் எழுதினாய். 'கொம்பூர்ச் சந்தை' என்று பெயரும் வைத்தாய். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அங்கே மாடும் எருமையும் ஆடும் வேட்டி கட்டி, கடை வைத்து, பஞ்சாயத்துப் பேசி வாழ்கிறார்கள். வழி தவறிப் போன ஒரு மனிதனைச் சந்தையில் கட்டிவைத்து, இதற்கு அறிவு உண்டா இல்லையா என்று விசாரிக்கிறார்கள். அவனுக்காகப் பேச முன்வருகிற ஒரே ஆள் ஒரு கழுதை. அவர் புளி மண்டியில் எடை போடுகிறவர். வாயைத் திறக்குமுன் செருமுவார். எந்தப் பேச்சையும் 'பாத்துக்கலாம் விடுங்க' என்றுதான் முடிப்பார். இந்த ஊர்ப் புளி மண்டியில் தராசு பிடிக்கிறவன் நான் ஒருத்தன். இதற்கு நீ என் பெயரையே போட்டிருக்கலாம்.

புத்தகம் வந்தபோது ஊர் சீந்தவில்லை, அது உனக்கே தெரியும். சந்திரனில் மனிதன் இறங்கினதையே நம்பாதவர்கள், எருமை பஞ்சாயத்துப் பேசியதையா நம்பப்போகிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். இப்போது வந்து பார். படிப்பகத்துப் பிரதியின் கடைசி வெற்றுப் பக்கங்களில் எழுத இடம் இல்லை. 'நல்ல கதை, ஆனால் படித்ததிலிருந்து கறிக்கடைக்குப் போகக் கூச்சமாக உள்ளது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'எனக்கு இல்லை.' மாட்டு வண்டியில் கல்லு ஏற்றி ஓட்டுகிற மாரி, பிறர் படிக்கக் கேட்டுவிட்டு, மேட்டில் வண்டியை விட்டு இறங்கி நடக்கிறான். சமதரை வந்ததும் ஏறிக்கொள்கிறான். அந்த அளவுக்குத்தான் இலக்கியம் வேலை செய்யும் போலிருக்கிறது.

கிணற்றுமேட்டுக் கவுண்டர் என்னைத் தேடி மண்டிக்கே வந்தார். நாவலில் வருகிற திமிர் பிடித்த எருமைக்கடா நான்தானா என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது வேறு வழக்கோடு. "என்னிய எந்த மாடாவும் போடலியே, பாய்க்கு நான் என்னா கொறை வச்சேன்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது மாப்ளே? இரண்டாவது பாகம் எழுதுவதாக இருந்தான் என்று உன் தலையில் போட்டுவிட்டேன்.

இதெல்லாம் நல்ல செய்தி. இனி வருவதுதான் சங்கடம்.

படிப்பகத்துக்குத் தலைவராக இருக்கிற நம் புலவரை நினைவிருக்கும். உன் புத்தகத்தை அவரைப்போல் கவனமாகப் படித்தவர் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிவப்பு மைப் பேனாவோடு படித்திருக்கிறார். நீ 'எருமை வந்தாள்' என்று எழுதியிருந்தால், அவர் அடித்துவிட்டு 'வந்தது' என்று போட்டிருக்கிறார். 'மனிதன் ஒன்று வந்தது' என்று நீ எழுதியிருந்தால் அதை 'ஒருவன் வந்தான்' ஆக்கியிருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இப்படித்தான். விலங்கு அஃறிணை, மனிதன் உயர்திணை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததைக் காசிம் பாய் தலைகீழாக எழுதிவிட்டார் என்பது அவர் கட்சி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தருமபுரி அச்சகக்காரர் உன் நினைவாகப் புத்தகத்தை மறுபடி போட முன்வந்தார். புலவர் முன்னுரை இருந்தால்தான் பள்ளிக்கூடங்களில் வாங்குவார்களாம். திருத்தினால்தான் புலவர் முன்னுரை தருவாராம். உன் வீட்டுக்குப் போய் உன் மனைவி ஜமீலாத் தங்கச்சியிடம் சொன்னேன். அது சுளகில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தது. கை நிற்கவில்லை. "அவரு எழுதுனத அவருதான் மாத்தணும். அவரு இல்ல. அப்பறம் யாருண்ணா மாத்துறது?" என்றது. பிறகு, நீங்களே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பிவைத்தது.

பேசுவதற்கு நானா ஆள்? எட்டாம் வகுப்பில் இலக்கணத்தில் கோட்டை விட்டவன். வழு என்றால் எனக்குத் தெரிந்தது மழை நாளில் மண்டி வாசலில் வழுக்கி விழுவது ஒன்றுதான். சந்தைக்கு மறுநாள் மத்தியானம் படிப்பகத்தில் கூடினோம், அச்சகக்காரரும் வந்திருந்தார். புலவர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஒரு பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் இலக்கணம் அதை மன்னிக்கிறது, உவப்பினால், அதாவது பிரியத்தினால் சொன்னது, அதற்கு வழுவமைதி என்று பெயர் என்றார். ஆனால் உவப்பு ஓரிடத்தில் வரலாம், ஒரு புத்தகம் பூராவும் வரலாமா? வந்தால் அது வழுதான், அமைதி இல்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டித் தொலைத்தேன். அவர் சொல்கிற விதம் அப்படி.

அப்போது அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றது. "அய்யா, உங்க மாடு கயித்த அத்துக்கினு கேவுரு கொல்லையில பூந்துடுச்சுங்க."

புலவர் எழுந்துவிட்டார். "அவளா? சினையா இருக்காளே. யாரும் கல்ல கில்லத் தூக்கி அடிச்சிராதீங்க, பயந்துருவா."

தலையாட்டினவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கும் காதில் விழுந்துவிட்டது, தான் சொன்னது. உன் கடைக் கயிறுதான் மாப்ளே அது. நீ விற்ற கயிறு அறுந்ததற்கு அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, எழுந்து நின்றேன். வழக்கம்போல் செருமினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அய்யா, உங்களுக்கு ஒரு மாட்டு மேல உவப்பு. காசிமுக்கு எல்லா மாட்டு மேலயும் இருந்துச்சுங்க. அவ்ளோதான் வித்தியாசம். ஒரு எழுத்தும் மாத்த வேணாங்க."

நான் ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. புலவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு மாட்டுக்குச் சரிப்பா. ஒரு புத்தகத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தேடிப் போனார். தன் பிடியை அவர் விடவில்லை. கூட்டத்தில் சிலர், பாதி வார்த்தையைத் திருத்தலாம், மாட்டை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் திருத்தலாம் என்றெல்லாம் நடுவில் பேரம் பேசிப் பார்த்தார்கள். மாட்டுத் தரகர்களைப்போல் துண்டைப் போட்டு விரலைப் பிடிக்காததுதான் பாக்கி. முடியாது என்றேன். ஆடு என்ன பாவம் செய்தது?

அச்சகக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நல்ல மனிதர்தான். வாசல் வரை வந்தவர் திரும்பி நின்று கேட்டார். "எழுதுனவரே போயிட்டாரு. உங்களுக்கு என்னாங்க இதுல இவ்ளோ ரோசம்?" பதில் தொண்டை வரைக்கும் வந்தது. "பாத்துக்கலாம் விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகவே அச்சு இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது: படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் மாதம் ஓர் அத்தியாயம், ஜமீலா வைத்திருக்கிற சுத்தமான பிரதியைப் பார்த்து, என் கையாலேயே எழுதுவேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். இருக்கட்டும், அதுவும் உன் ஊர்க் கோழியாக இருந்துவிட்டுப் போகட்டும். 'வந்தாள்' வந்தாளாகவே இருப்பாள். 'மனிதன் வந்தது' வந்ததாகவே இருக்கும். புலவர் படித்துவிட்டுச் சிவப்பு மையில் அடித்தால், அடுத்த மாதம் மறுபடி எழுதுவேன். மை அவருக்குத் தீரட்டும். இந்தக் கடிதத்தையும் அதே பத்திரிகையில்தான் போடுகிறேன், அவரும் படிக்கட்டும் என்று.

இனி, அச்சகக்காரரிடம் சொல்லாமல் விழுங்கியது. சின்ன வயதில் என் அப்பன் 'அது எங்க உருப்படப் போவுது' என்பான். மண்டியில் முதலாளி 'தராசுகிட்ட அது இருக்குதா பாரு' என்பார். வீட்டுக்காரி 'அவரு' என்பாள்தான், ஆனால் அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், கணக்கில் வராது. உன் புத்தகத்தில் பஞ்சாயத்துக் கூடியிருக்கிற இடத்தில், 'கழுதையார் எழுந்து நின்றார்' என்று ஒரு வரி இருக்கிறது. அச்சில் என்னை 'நின்றார்' என்று போட்டவன் நீ ஒருத்தன்தான். அதை அவர்கள் 'கழுதை எழுந்து நின்றது' என்று மாற்றச் சொன்னார்கள் மாப்ளே.

என்றும் உன் மாமன்,
கொம்பூர்ப் புளி மண்டிக் கழுதையார்