திரும்பி உட்கார்ந்த கல்

16 ஜனவரி 1987, வெள்ளி

சப்பாத்து கடிக்கிறது. வலது குதிக்காலில் கொப்புளம் உடைந்துவிட்டது. ஓமானில், சோஹார் ஒப்பீசில் ஆறு வருடம் கதிரையில் இருந்து படம் கீறினவனைக் கழுதைப் பாதைக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

மிஸ்டர் ஹோப்டேயின் ஆசை இது. கடற்கரைப் பக்கமிருந்து மலையைத் தாண்டி உள்நாட்டுக்குப் போகும் பழைய பாதையை அடையாளம் போட்டு வைத்தால், வெள்ளைக்காரர்கள் வந்து பத்துப் பன்னிரண்டு நாள் பொழுதுபோக்காக நடப்பார்களாம். பஸ் இருக்கிற காலத்தில் ஒருவன் காசு கொடுத்து நடப்பானா என்று கேட்க நினைத்தேன். சம்பளம் தருகிறவரிடம் எல்லாவற்றையும் கேட்க முடியாது.

நாங்கள் நாலு பேர். ஹோப்டே முன்னால். நான் வரைபடம். ராக்கப்பன் பாறைகளில் சிவப்புப் பெயின்டால் வட்டம் போடுகிறவன், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பொடியன். தண்ணீரும் கூடாரமும் சுமக்கும் இரண்டு கழுதைகளோடு சைஃப். சைஃபுக்கு இது அவனுடைய தகப்பன் பேரீச்சம்பழம் கொண்டுபோன வழி. அடையாளம் எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை.

20 ஜனவரி

ஹோப்டேயின் சட்டம் ஒன்றுதான். ஒரு வட்டத்தில் நின்றால் அடுத்த வட்டம் கண்ணில் பட வேண்டும். ராக்கப்பன் அதை வட்டம் என்று சொல்வதில்லை, பொட்டு என்கிறான். பிரஷ்ஷால் பூசிவிட்டு மோதிர விரலால் விளிம்பைத் திருத்துகிறான். பாறைக்குப் பொட்டு வைத்து எந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறீர் என்று கேட்டேன். சிரித்தான்.

அதற்கு முதல் அவன் சிரித்து நாலு நாள்.

23 ஜனவரி

கேட்டுவிட்டேன். அவனுடைய மனைவி கருப்பாயிக்கு மாதம் நெருங்குகிறது. முன்னம் இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை பக்கத்தில் இருக்க வேண்டுமென்று லீவு கேட்டிருக்கிறான். கேம்பில் இவனும் சோலையப்பனும் ஒரே ஊர். இரண்டு பேரில் ஒருவன்தான் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சோலையப்பனுக்குத் தங்கச்சி கலியாணம். அவன் போய்விட்டான்.

"அவன் வந்தாத்தான்ணே சேதி தெரியும்."

24 ஜனவரி

சாமான் கொண்டுவந்த லாண்ட்ரோவரில் எனக்குக் கடிதம் இல்லை.

29 ஜனவரி

இன்று முழுக்க நடந்தேனா, படுத்திருந்தேனா, தெரியவில்லை. காலையில் முகில் எங்களுக்குக் கீழே கிடந்தது. பள்ளத்தாக்கு நிறைய வெள்ளை. கழுதை மணி முன்னால் கேட்கிறது, கழுதையைக் காணோம். கால் தானாகப் போகிறது. வெயில் ஏற ஏற மலை நிறம் மாறுகிறது, பிட்டுமாவு மாதிரி, பிறகு கருகின மாதிரி, பின்னேரம் ஒரு ஊதா. அந்த ஊதாவுக்குள் நடக்கும்போது என் மனைவி கமலேஸ்வரி ஊர் வீட்டுக் குசினிக்குள் நின்று "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாள். தெளிவாகக் கேட்டது. ஓம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சைஃப் திரும்பிப் பார்த்தான்.

அவளுடைய கடைசிக் கடிதம் ஒக்டோபரில் வந்தது. யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள் இப்போது தபால் எப்படிப் போகிறதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனக்கு அவரோடும் பெரிய பழக்கம் இல்லை.

கொப்புளம் காய்ந்துவிட்டது. இப்படியே நடந்துகொண்டிருந்தால் என்ன என்று தோன்றுகிறது. நடக்கிறவனைத் தேடி எந்தக் கெட்ட செய்தியும் வராது.

6 பெப்ரவரி, வெள்ளி

ஓய்வு. ஹோப்டே மீட்டிங்கென்று சோஹாருக்கு இறங்கிவிட்டார். ராக்கப்பனைக் காலையிலிருந்து காணவில்லை. மத்தியானம் ஈரத்தலையோடு வந்தான். நாங்கள் வந்த பாதையில் கொஞ்சம் பின்னால், ஒரு கிளை ஓடையில் ஊற்று இருக்கிறதாம். குளித்தானாம்.

"அங்கன ஒரு எலந்த மரம் நிக்குதுண்ணே. நம்மூரு மரமேதான்."

இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டான். நல்லது.

13 பெப்ரவரி, வெள்ளி

எழுத்துக் கோணலாக வருகிறது.

ஹோப்டே நேற்று லாண்ட்ரோவரில் முன்பு முடித்த இடத்துக்குத் திரும்பிப் போனார். இரண்டு கிழமை வேலையைப் பரிசோதிக்க, வரைபடம் இல்லாமல், வெறும் சிவப்பு வட்டங்களை மட்டும் நம்பித் தனியே நடந்து வருவதாகத் திட்டம். இன்று மத்தியானத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று மணிக்குத் தேடப் போனோம். சைஃப்தான் கூப்பிடும் சத்தத்தைக் கண்டுபிடித்தான். அந்தக் கிளை ஓடையில், செங்குத்துப் பாறையின் அடியில், கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்ப் போத்தல் காலி. முகம் வெயிலில் வெந்துவிட்டது.

சிவப்பு அடையாளத்தைப் பார்த்து ஓடைக்குள் திரும்பினேன், அதற்கப்பால் ஏறச் சொல்கிறதாக்கும் என்று ஏறினேன், விழுந்தேன் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை.

அடையாளம் இலந்தை மரத்தடியில் இருந்தது. நட்டு வைத்த கல். முழங்கால் உயரம். நெற்றியில் நல்ல வட்டமான பொட்டு, விளிம்பு மோதிர விரலால் திருத்தினது. முன்னால் இரண்டு பேரீச்சம்பழம், எறும்பு மொய்த்தபடி.

யாருடைய வேலை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

14 பெப்ரவரி

உமக்கென்ன விசரே என்று கத்திவிட்டேன். கத்தாமல் என்ன செய்யிறது? அந்த மனுசன் செத்திருப்பான். இன்னும் ஒரு இரவு கிடந்திருந்தால் செத்தேதான் இருப்பான். பெயின்ட் டின் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் கண்டதெல்லாம் சாமியோ?

ராக்கப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "குங்குமம் இல்லண்ணே. இதான் இருந்துச்சு. பொட்டு இல்லாம நட்டா அது வெறுங்கல்லுதானே."

கருப்பசாமியாம். பிள்ளை நல்லபடி பிறந்தால் அங்கேயே பொங்கல் வைக்கிறதாக நேர்ந்திருக்கிறான். அது ஹோப்டேயின் வட்டம் மாதிரியே இருக்குமென்று அவனுக்குத் தோன்றவேயில்லை. அவனுக்கு அது வேறு, இது வேறு.

ஹோப்டே கூடாரத்தில் காலைத் தூக்கி வைத்தபடி உத்தரவு போட்டிருக்கிறார். நாளைக்கே தின்னரால் அந்த அடையாளத்தை அழிக்க வேண்டும். போட்டவன் யாரென்று நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவனை அனுப்பிவிடுவார். விசா தந்த அரபி, கஃபீல், காதுக்குப் போனால் கேம்புக்கு இல்லை, ஊருக்கே. வெறுங்கையோடு.

15 பெப்ரவரி

தின்னர் டின், பழந்துணி, நான். ராக்கப்பன் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தான். வராதே என்று சொன்னேன், கேட்கவில்லை.

மரத்தடியில் காற்றே இல்லை. ஊற்று மட்டும் எங்கோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. துணியை நனைத்துவிட்டேன். அப்போது அவன் சொன்னான்:

"அழிக்க வேணாங்கல அண்ணே. சேதி வர்ற வரைக்கும் விட்டுருங்க. நடுவுல அழிச்சா நாம சாமி முகத்தத் தொடச்சுவிட்ட மாதிரி ஆயிரும். பெறவு நானே அழிச்சுர்றேன்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லவே இல்லை. பதினாறு வயதில் கோயில் வீதியில் நின்று வாதாடினவன் நான். ஆனால் துணியைப் பிடித்த கை நீளவில்லை. எனக்கு என் மேலேயே கோபம். கருப்பாயி என்கிற பெண்ணை நான் கண்டதுகூட இல்லை, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கை செய்தது என்று இந்தப் பொடியன் சாகும்வரை நினைப்பான். ஒருவேளை நானும் நினைப்பேன்.

கடைசியில் கேட்டேன்: "தம்பி, உங்கட சாமியைத் திருப்பி வைக்கலாமோ?"

புரியாமல் பார்த்தான்.

"பொட்டு பாதையைப் பாக்காம மலையைப் பாக்கட்டும். வாற ஆக்களுக்குத் தெரியாது."

கல்லை ஒருதரம் சுற்றி வந்தான். "பாறையப் பாத்து உக்காந்தாலும் கண்ணு தொறந்துதானே இருக்கு" என்றான், தனக்குத்தானே. இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினோம். நல்ல பாரம்.

ஓடை வாயில் நின்று பார்த்தேன். சாதாரணக் கல். சைஃப் கழுதையோடு அங்கே நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருப்பான். "கலாஸ்?" என்றான். முடிந்தது, கலாஸ் என்றேன். நடக்கத் தொடங்கிவிட்டான்.

16 பெப்ரவரி

முடிந்ததா என்று கேட்டார் ஹோப்டே. இனி அங்கே யாரும் திரும்பமாட்டார்கள் என்றேன். யார் போட்டது? நான் வரைபடத்தில் ஓடையைப் பிழையாகப் பார்த்துப் போடச் சொன்னது என்றேன். ஆறு வருடத்தில் நான் வாங்காத பேச்செல்லாம் ஒரே மூச்சில் வாங்கினேன். இந்த வருடச் சம்பள உயர்வை மறந்துவிடலாம்.

மத்தியானம் அவரை லாண்ட்ரோவரில் ஏற்றி அனுப்பினோம். மிச்சப் பாதையை நாங்கள் மூவரும் முடித்து, திரும்பி நடந்து முழுவதையும் சரிபார்க்க வேண்டும்.

21 பெப்ரவரி

ராக்கப்பன் சாப்பிடுவதில்லை. வட்டங்கள் நன்றாகத்தான் வருகின்றன, ஆனால் விரலால் திருத்துவதில்லை. நானும் கூடச் சேர்ந்து நாள் எண்ணுகிறேன், விசர் மாதிரி. இரவு ஒரு கனவு. மலை முழுக்கப் பொட்டு வைத்த கற்கள், எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பயமாக இருக்கவில்லை. யாரோ காவல் இருக்கிற மாதிரி இருந்தது.

26 பெப்ரவரி, வியாழன்

தூசியைக் கிளப்பிக்கொண்டு லாண்ட்ரோவர் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் புது ஆள், புதுச் சட்டை. ராக்கப்பனின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. சோலையப்பன் லீவு முடிந்து வந்துவிட்டான்.

இறங்க முதலே கத்தினான்: "ஏலேய், பொட்டப் புள்ளடா. ஆத்தாளும் புள்ளயும் சொகம்."

ராக்கப்பன் அப்படியே தரையில் குந்திவிட்டான். சைஃப் விஷயம் விளங்கிக் காவாக் கோப்பியை ஊற்றி அவன் கையில் திணித்தான்.

எப்போது என்று நான்தான் கேட்டேன்.

"தை இருவதுண்ணே. தந்தி அடிக்கலாம்னுதான் சொன்னேன். தந்தின்னா பிரிக்கிறதுக்குள்ள பயலுக்கு உசுரு போயிரும், நேர்ல போயிச் சொல்லுன்னுட்டா இவுக ஆத்தா."

தை இருபது என்றால் பெப்ரவரி இரண்டு. விரல் விட்டு இரண்டு தரம் எண்ணினேன். அவன் கல்லை நட்டது ஆறாந் தேதி.

நாங்கள் கத்தினதும், தின்னரோடு போனதும், பட்டினி கிடந்ததும், எல்லா நாளும் அந்தப் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி, உம்மட சாமி வர முதலே பிள்ளை வந்திட்டுது என்றேன்.

ராக்கப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்ப அவரு வேலைய முடிச்சுப்புட்டுத்தாண்ணே வந்து உக்காந்திருக்காரு."

செய்திகள் நடந்து முடிந்து எங்கேயோ இருக்கின்றன, நாங்கள்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒக்டோபருக்குப் பிறகு என் வீட்டில் நடந்ததும் அப்படித்தான். எதுவானாலும் நடந்திருக்கும்.

27 பெப்ரவரி

எனக்குக் கடிதம் உண்டா என்று சோலையப்பனிடம் நேற்றுக் கேட்கவில்லை. இன்று கேட்டேன். இல்லை.

9 மார்ச்

திரும்பி வரும் வழி. வெயில் சூடேறிவிட்டது. மலை மத்தியானத்தில் மிதக்கிறது, அடியில்லாமல். இலந்தை மரத்தடியில் ராக்கப்பன் பொங்கல் வைத்தான். பச்சரிசி, பால்மா, சீனி. அடி பிடித்துவிட்டது. சைஃப் தள்ளி நிழலில் படுத்துக்கொண்டு தன் பேரீச்சம்பழத்தைத் தின்றான். பிள்ளைக்குப் பெயர் நாகவள்ளி.

பிறகு அவன் தின்னர் டின்னை எடுத்துத் துணியை நனைத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானாம்.

"விடும்" என்றேன். "அது ஆருக்குத் தெரியப் போகுது."

அவர்கள் கழுதைகளைக் கட்டும் நேரம் நான் ஊற்றடியில் ஒரு கல் பார்த்தேன். ஒரு சாண் உயரம், தண்ணீர் தேய்த்து வழுவழுப்பானது. கொண்டுபோய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்து நட்டேன். சாய்ந்தது. அடியில் சல்லி போட்டு இறுக்கினேன்.

நிமிர்ந்தால் ராக்கப்பன் நிற்கிறான். யாருக்கு என்று கேட்கவில்லை. பெயின்ட் டின்னைத் திறந்து நீட்டினான்.

வேண்டாம் என்றேன். வாற ஆக்கள் வழி தவறக் கூடாது.