ரயிலடி வரை ஒரு கால்வாய்

கிள்ளான், மலேசியா,
வியாழன்.

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம், நீயும் மருமகனும் நலமாக இருக்க வேண்டும். நம் குடியிருப்பின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய முடிவு ஒன்று நேற்று எடுக்கப்பட்டது. மூன்று கூட்டம் நடத்தி, வாக்கெடுப்பும் வைத்து, படகுத்துறை பெஞ்சுகளுக்கு மஞ்சள் வேண்டாம், பச்சைதான் என்று தீர்மானித்துவிட்டார்கள். உன் சுவிஸ் ஊரில் ஏரிப் படகு கால்வாய் வழியாக ரயிலடிக்கே வருகிறது என்று படம் அனுப்பினாயே, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் உன் அப்பா அதைச் சும்மா விடுவாரா? கால்வாய் வெட்டுவதற்கு முன்பு நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து காட்டினார். மண் தோண்டிய குட்டைக்கு ஏரி என்று பெயர் சூட்டி, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு முந்நூறு மீட்டர் கால்வாய் வெட்ட வந்த கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? முதல் படகுக்குக் கொடி காட்டப்போவது நீங்கள்தான் சார் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். ரயில்வே குடும்பங்கள் அல்லவா, மாஸ்டர் போட்ட பிறகு யார் படித்துப் பார்ப்பார்கள்? எல்லோரும் வரிசையாகப் போட்டார்கள், நானும்தான்.

கால்வாய் நம் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே போகிறது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்கு அப்பா ஐந்து நிமிடத்தில் நடந்து போன பாதை இப்போது தண்ணீருக்கு அடியில். பாலம் எங்கே என்று சங்கத் தலைவர் திருச்செல்வத்தைக் கேட்டேன். “பாலம் பிளான்ல இருக்கு லா அக்கா, பட்ஜெட்லதான் இல்ல” என்றார். படகிலாவது அக்கரையில் விடுங்கள் என்றால், டிக்கெட் கொடுக்கும் பெண், “ஆன்டி, இது டூரிஸ்ட் போட், சனி ஞாயிறு மட்டும்தான்” என்கிறாள். அப்பாவின் சிறுநீரகத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி. சுற்றிப் போனால் லோரிகள் ஓடும் சாலையில் மூன்று கிலோமீட்டர். கிராப் டாக்சி கூப்பிடுகிறேன் என்றால், “ஸ்டேஷன் எதிர்ல குடியிருக்கிறவன் ஸ்டேஷனுக்குக் கார்ல போறதா? ஊரே சிரிக்கும்” என்கிறார். ஊருக்கு நேரமில்லை, பெஞ்சுக்கு வண்ணம் பார்க்கிறது என்றேன். முதல் படகுக்குக் காட்டிய கொடியை இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. இனி ஊர்ப் படம் எதையும் அப்பாவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு. அம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
புஷ்பவல்லி

பி.கு. நேற்று அப்பா டயாலிசிஸுக்குப் போகவில்லை.